சிவப்புப் பொட்டு வைத்த ரேஸ் சைக்கிள்

கிழவர் போரோ ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கிய செய்தி ஒரே நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிலிப்பைன்ஸில் இருக்கிற மரிக்கினாவில் சைக்கிள் வாங்குவது பெரிய விஷயம் இல்லை. முப்பத்தோரு வருடம் ஜீப்னி என்கிற ஷேர் வேன் ஓட்டி, ஒரு நட்டு வாங்கினாலும் நாலு கடையில் விசாரித்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஒரே கடைக்குள் போய் சைக்கிளோடு வெளியே வந்தார் என்பதுதான் பேச்சு.

அதுவும் 'பக்விஸ்'. உள்ளூர்க் கம்பெனி. சைக்கிளின் சட்டத்தை, அதாவது ஃபிரேமை, வெளிநாட்டில் செய்து கொண்டுவந்து, இங்கே பூட்டிப் பெயர் ஒட்டி விற்கிறவர்கள். கூட்டாளி அமாண்டோவின் இத்தாலிச் சைக்கிள் விலைக்கு இதில் ஆறு வாங்கலாம்.

"என்னடா போரோ, மத்தி மீன் டின்னுக்கு ரெண்டு சக்கரம் மாட்டி வித்துட்டானுங்களா?" என்றார் அமாண்டோ.

"உன் வண்டியில ஒரு போல்ட்டு போச்சுன்னா இத்தாலிக்கு லெட்டர் போடணும். எனக்குக் கடை எட்டுத் தெரு தள்ளி."

"எட்டுத் தெருவுல இருக்கிறவன்தான்டா சுலபமா ஏமாத்துவான்."

போரோவுக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனாலும் வாங்கியதற்குக் காரணம் ஒரு மணி. எருமைக் கழுத்தில் கட்டுகிற பித்தளை மணி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறு கிழவர்கள் ஞாயிறுதோறும் ஒன்றாக மிதிக்கிற கூட்டம் அவர்களுடையது. மே மாதம் ஒருமுறை ஆன்டிப்போலோ மலை ஏறி, மாதா கோயில் வாசலில் வண்டிகளுக்குப் பாதிரியார் கையால் புனித நீர் தெளித்துக்கொள்வார்கள். ஏற்றத்தில் முதலில் காலைத் தரையில் ஊன்றுகிறவன் வருடம் முழுக்க அந்த மணியைத் தன் சைக்கிளில் தொங்கவிட வேண்டும். மூன்று வருடமாக மணி போரோவிடமே இருந்தது. பழைய கனத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மலை ஏறியவர் அவர். காய்கறி வாங்கப் போனால்கூட, மணிச் சத்தம் கேட்டுக் கடைக்காரி "எருமை வருது, கீரைய உள்ள வை" என்பாள். இந்த வருடம் அதை வேறு எவன் கழுத்திலாவது கட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று இருந்தார்.

மூன்று வாரம் வண்டி பறந்தது. சீட்டு பலகை மாதிரி இருந்தது, பெயிண்ட் இரண்டு இடத்தில் உரிந்தது. பரவாயில்லை, விலைக்கு அவ்வளவுதான். நாலாவது வாரம் பெடல் அச்சு ஆடத் தொடங்கியது. மிதிக்கும்போதெல்லாம் 'கட, கட'.

மலைப் பயணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கடைக்கு மூன்று முறை போனில் மெசேஜ் அனுப்பினார். பதில் இல்லை. பணம் வாங்கும்வரை பல்லைக் காட்டுவார்கள், அப்புறம் முதுகைக் காட்டுவார்கள் என்று திட்டிக்கொண்டே செவ்வாய்க்கிழமை நேரில் போனார். மெக்கானிக் ஒரு பெண். ரொவேனா. முழங்கை வரை கிரீஸ்.

"மெசேஜ் போட்டேனே, பாக்கலையா?"

"மெசேஜ் பாக்க இங்க ஆளு இல்ல தாத்தா. முதலாளிக்கு போன்னா போட்டோ புடிக்க மட்டும்தான். நேர்ல வந்தாதான் வேலை நடக்கும்."

"யாருக்கு நான் தாத்தா?"

"சரி, அண்ணே."

"இப்ப ரொம்பக் குறைச்சுட்ட."

அவள் சிரித்துக்கொண்டே பெடலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "ஒரு மாச இலவச சர்வீஸும் சேர்த்துப் பாத்துடறேன். விட்டுட்டுப் போங்க, வெள்ளிக்கிழமை வாங்க."

"விட்டுட்டா? நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

"மூணு நாளா?"

உட்காரத் தயார்தான். ஒருமுறை ஜீப்னியை இரண்டு நாள் ஒரு பட்டறையில் விட்டுவந்ததற்கு, நல்ல கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு ஒரு சொத்தையை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பூட்டைத் தவிர எதையும் நம்புவதில்லை. அதனால் "நாளைக்குக் கொண்டாறேன்" என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தார். மனைவி லுமின் சந்தைக்குப் போனதும் அவளுடைய நெயில் பாலிஷை எடுத்தார். பெடலைத் தாங்குகிற பெடல் கை, செயின் சக்கரம், பிரேக், வீல் அச்சு என்று பதினேழு இடத்தில் யாருக்கும் எளிதில் தெரியாதபடி சிவப்புப் பொட்டு வைத்தார். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தார். மறுநாள் வண்டியை விட்டுவிட்டு வந்தார். நெயில் பாலிஷைக் காணோம் என்று லுமின் அந்த வாரம் முழுக்கத் தேடினாள். அவரும் கூடவே கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனவர் வண்டியைச் சுற்றி வந்தார். பதினான்கு பொட்டு இருந்தது. இரண்டு பெடல் கையிலும் இல்லை, செயின் சக்கரத்திலும் இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார் கடை முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு அப்பவே தெரியும். கழட்டிட்டீங்க இல்ல? கிழவன்தானே, கண்ணு தெரியாதுன்னு நெனச்சீங்க."

டயர் வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரொவேனா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். பழைய பெடல் கைகள், செயின் சக்கரம், அச்சு. மூன்று சிவப்புப் பொட்டும் பத்திரமாக இருந்தன.

"கழட்டினேன். வண்டியில இருக்கிறது எல்லாம் புதுசு. அந்த லாட்டுல வந்த அச்சு எல்லாமே ஆடுதுன்னு கம்பெனியே சொல்லிடுச்சு, எல்லாருக்கும் மாத்திக் குடுக்கறோம். ஆமா, உங்க வண்டிக்கு யாரு அலங்காரம் பண்ணது? கல்யாணமா?"

டயர் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். போரோ சிரிக்கவில்லை.

"எவ்வளவு?"

"ஒண்ணும் இல்ல."

"ஏன் ஒண்ணும் இல்ல?" இது அவருக்கு இன்னும் பெரிய சந்தேகம்.

"வாரண்டி. அட்டையில எழுதியிருக்கே."

"அட்டையில எழுதினத எவன் செய்வான்?"

"நாங்க செய்வோம். ஆனா ஒண்ணு, சீட்டு மட்டம், பிரேக் கட்டையும் மட்டம். இந்த விலைக்கு அதுலதான் கை வைப்பாங்க. முடிஞ்சப்ப மாத்திக்குங்க. சட்டம் மட்டும் நல்ல சட்டம், உங்களுக்கு அப்புறமும் ஓடும்."

தன் சரக்கையே மட்டம் என்று சொல்கிற வியாபாரியைப் போரோ அறுபத்தாறு வயதில் முதல் முறையாகப் பார்த்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே புதுச் சாமான்களுக்கும் மூன்று பொட்டு வைத்தார். பாட்டிலை சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பையில், ஸ்பேனரோடு போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிறு விடிந்ததும் ஆறு பேரும் மலையடிவாரத்தில் கூடினார்கள். மணி போரோவின் சைக்கிளில் தொங்கியது. அதன் நாக்கில் துணி சுற்றியிருந்தது.

"அவுத்து வைக்காத, எப்படியும் திரும்பி உன்கிட்டதான் வரும்," என்றார் அமாண்டோ. அவருடைய இத்தாலிச் சைக்கிளும் பெடலோடு பூட்டிக்கொள்கிற பளபள ஷூவும் வெயிலில் மின்னின.

பாதி ஏற்றம் வரை போரோவுக்குச் சிரமமே தெரியவில்லை. வண்டி லேசாக இருந்தது, புது அச்சு வெண்ணெய் மாதிரி சுற்றியது. பிறகு அந்தச் செங்குத்தான வளைவு வந்தது. எழுந்து நின்று மிதித்தார். அப்போதுதான் சத்தம் வந்தது.

'டிக்'. மறுபடி மிதித்தார். 'டிக்'.

போரோவுக்கு ரொவேனாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஏமாற்றிவிட்டாள். சிரித்துச் சிரித்துப் பேசி ஏமாற்றிவிட்டாள். பெடல் கை இப்போது கழன்று விழும், நான் தலைகுப்புற விழுவேன். இறங்கிப் பார்த்துவிடலாம். இறங்கினால் மணி. விழுந்தால் விழுகிறேன், கால் ஊன்றமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் ரொவேனாவை ஒரு திட்டு, அவள் முதலாளியை ஒரு திட்டு. கோபத்தில் மூச்சு வாங்குவதுகூடத் தெரியவில்லை.

அமாண்டோ பக்கத்தில் வந்துவிட்டார். சத்தம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

"போரோ, அச்சு போச்சுடா. எறங்கிடு."

"போடா."

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். எங்க சத்தம்னு பாக்கறேன் இரு."

சந்தோஷத்தோடு சாய்ந்து, போரோவின் பெடலை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்க்காமல் விட்டது சாலையோர மணலை. முன் சக்கரம் வழுக்கியது. ஷூ பெடலில் பூட்டியிருந்தது, உதறினார், உதறினார், கடைசி நொடியில் கழன்றது. வலது கால் தரையில் ஊன்றி நின்றது.

பின்னால் வந்த நான்கு கிழவர்களும் மூச்சு வாங்கியதை மறந்து ஊளையிட்டார்கள். போரோ திரும்பிப் பார்க்கவே இல்லை. கோயில் வாசல் வரை 'டிக், டிக்' என்று மிதித்துக்கொண்டே போனார்.

லுமின் ஜீப்னியில் முன்னாலேயே வந்து, இலையில் சுற்றிய சுமான் என்கிற அரிசிப் பலகாரமும் முந்திரியும் வாங்கி வைத்திருந்தாள். போரோ வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அச்சை ஆட்டினார். ஆடவில்லை. பெடலைச் சுற்றினார். சத்தமே இல்லை.

"மிதிக்கும்போது வருது, இப்ப வரலை. பாத்தியா தந்திரத்த," என்றார்.

"முந்திரிய வைக்கணும், வண்டிய நேரா நிறுத்து," என்றாள் லுமின். அவர் நிமிர்த்தியதும் சீட்டுப் பையைத் திறந்தாள். கையை விட்டாள். உள்ளே ஏதோ ஸ்பேனரில் இடித்து, மலையில் கேட்ட அதே 'டிக்' என்றது. நெயில் பாலிஷ் பாட்டில் வெளியே வந்தது.

லுமின் பாட்டிலைப் பார்த்தாள். சைக்கிளில் இருந்த பொட்டுகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடினியே," என்றாள்.

போரோ வாயை மூடிக்கொள்ள முயன்றார், முடியவில்லை. தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பாதிரியார் புனித நீர் தெளிக்க வந்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை. "அந்தக் கடைப் பொண்ணுக்கும் சேர்த்துத் தெளிங்க சாமி, வழியெல்லாம் திட்டிட்டேன்," என்றார்.

அவர் மணியை அவிழ்த்து, துணியை உருவி எறிந்துவிட்டு, அமாண்டோவின் இத்தாலிச் சைக்கிளில் தானே கட்டினார். அமாண்டோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முந்திரி தின்றார்.

"இரு," என்றார் போரோ. லுமினின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மணியின் உள்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

"இது எதுக்குடா?"

"நீ போற வழியில சின்ன மணியா வாங்கி மாத்திடுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"