டேங்குக்குள் புளித்தண்ணீர்

"திரும்பி எப்பத்தான் படிக்க வரப்போறே?" என்று கூடப் படித்த ஸமீரா ஒருநாள் கேட்டாள். பர்மிய ஆலைப் பேட்டையான லைங் தாயாவின் சந்தையில், இருவரும் ஒரே குடைக்குள் நின்றிருந்தபோது. மஞ்சுளாவுக்கு யாரிடமும் சட்டென்று பதில் வராது. அன்று வந்துவிட்டது.

"மழை விடட்டும். அப்பா வண்டிய எடுத்துருவாரு."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மழைக்காலம் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா ரமேஷ்குமார் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிக் கேரி ஓட்டிப் பிழைத்தவர். சித்திரையில், ஆலைப் பெண்களை ஏற்றிப் போகும் ஃபெர்ரி பஸ் ஒன்று அவரை மோதித் தள்ளியது, கால் முறிந்தது. பத்தாவது போக வேண்டிய மஞ்சுளா, அதே மாதிரி ஒரு ஃபெர்ரியில் ஏறிக் கார்மென்ட் வேலைக்குப் போனாள். இப்போது கால் கூடிவிட்டது. அவர் வண்டியை எடுத்தால் அவள் வேலையை விடலாம், டியூஷனில் சேர்ந்து தனியாகப் பரீட்சை எழுதலாம். வீட்டில் அப்படித்தான் பேச்சு.

மழை விட்டது. ஆலை லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை, சாமி படத்துக்குக் கீழே செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்த வண்டியை மூவருமாக வெளியே இறக்கினார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஹெட்லைட்டில் காய்ந்து கிடந்தது. அப்பா டேங்கு மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே செம்மண் பூசியது போலத் துரு.

"பெட்ரோலை எறக்கச் சொன்னது யாரு?"

"வௌக்குக்குக் கீழ பெட்ரோலை வச்சிக்கிட்டு நான் தூங்கணுமாக்கும்?" என்றாள் அம்மா கனகாம்பாள்.

"டேங்கு நெறஞ்சு கெடந்தா துரு ஏறாது."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன? ஒடஞ்சது காலா, வாயா?"

மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா உள்ளே போய், விளக்குத் துலக்குகிற புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். "பித்தள கேக்குது, இரும்பு கேக்காதா?"

புளித்தண்ணீரை ஊற்றி, பழைய சைக்கிள் செயினையும் உள்ளே போட்டு, மஞ்சுளா டேங்கை மடியில் வைத்துக் குலுக்கினாள். ஆறு நாள் மிஷினில் குனிந்த தோள்பட்டை விண்விண் என்றது. தண்ணீர் காவியாக வந்தது. மறுபடி ஊற்றினாள், மறுபடி குலுக்கினாள். வெயில் சாயும்போது உள்ளே இரும்பு வெளுப்பாகத் தெரிந்தது. அதற்குள் அப்பா கார்புரேட்டரை ஊதிச் சுத்தம் செய்து, பிளக்கைத் தேய்த்து வைத்திருந்தார். டேங்கைக் காயவைத்து மாட்டி, பாட்டில் பெட்ரோல் ஊற்றினார்கள். அப்பாவின் காலுக்கு வேண்டாமென்று மஞ்சுளாவே உதைத்தாள். இருமியது, அணைந்தது, இன்னொரு உதையில் பிடித்துக்கொண்டது.

"ரமேஷ் அண்ணே, தெருக் கொசு பூரா காலி!" என்று புகைக்குள்ளிருந்து எதிர்வீட்டுக்காரர் பர்மியத்தில் கத்தினார்.

அப்பா ஏறிச் சந்து முனைவரை போனார். மஞ்சுளா பின்னாலேயே நடந்தாள். பெரிய ரோட்டில், வேறு ஆலையில் ஓவர்டைம் முடிந்த பெண்களை ஏற்றிய ஃபெர்ரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அப்பா இரண்டு காலையும் ஊன்றினார். பஸ் போய் வெகுநேரமாகியும் ஊன்றியபடியே இருந்தார். பிறகு வண்டியை அணைத்து, திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உள்ள என்னமோ சத்தம் வருது."

"நல்லாத்தானேப்பா ஓடுச்சு."

"ஒனக்குத் தெரியாது."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி, மெதுவாப் பாத்துக்கலாம்" என்று சோறு போடப் போய்விட்டாள்.

விடியும் முன்னே மஞ்சுளா எழுந்தாள். கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சோற்றை டப்பாவில் அடைத்தாள். வாசலில் செயின் கடகடவென்றது. அப்பா டேங்கைக் கழற்றி மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். நேற்று ஊற்றிய பெட்ரோல் மறுபடி பாட்டிலில் இருந்தது.

"இன்னும் துரு இருக்கு" என்றார், நிமிராமல்.

டேங்கைச் சாய்த்து, வெள்ளை பேசினில் கொஞ்சம் ஊற்றினார். வந்தது புளி கரைத்த நிறம்தான். ஒரு துளி காவி இல்லை. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் அதை எடுத்துத் திரும்ப டேங்குக்குள்ளேயே ஊற்றினார்.

சந்து முனையில் ஃபெர்ரி ஹாரன் அடித்தது. அவருடைய கை ஒரு கணம் நின்றது. மஞ்சுளா சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, அவரைச் சுற்றிக்கொண்டு ஃபெர்ரியை நோக்கி நடந்தாள்.