பின்வாங்கும் உரிமை

மாத்திரைத் தொழிற்சாலையில் அவளுடைய வேலை முழுக்கக் கண்ணால் செய்வது. பெல்ட்டில் ஓடிவரும் மாத்திரை அட்டைகளில் எந்தக் குழி காலி, எந்த ஓரம் பிளந்திருக்கிறது என்று பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும். பதினான்கு வருடம் இதே வேலை. கடையில் பிஸ்கட் வாங்கினால்கூட ஓரத்தைத் தடவிப் பார்க்காமல் பையில் போட மாட்டாள். முப்பத்தெட்டு வயதில் அவள் தொலைநிலைக் கல்வியில் உளவியல் அறிமுகப் பாடத்தில் சேர்ந்தபோது, கூட வேலை செய்கிறவர்கள் ‘புரொபசர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

“புரொபசர், எங்க மாமியார் மனசுல என்ன ஓடுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்” என்று சாப்பாட்டு வேளையில் வம்புக்கு இழுப்பார்கள்.

“அது ரெண்டாம் வருஷப் பாடம்” என்பாள்.

மூன்றாவது அசைன்மென்ட் நினைவைப் பற்றியது. ஒரே சம்பவத்தில் இருந்த இரண்டு பேர், ஒருவரோடு ஒருவர் பேசாமல், தனித்தனியாக எழுதித் தர வேண்டும். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று அவள் ஆராய வேண்டும். வீடு மாறிய நாள், யாருடைய கல்யாணமோ என்று எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். கணவன்தான் ஆரம்பித்தான்.

“அந்த விபத்தையே எடுத்துக்கயேன். நானும் அண்ணனும் எழுதித் தர்றோம்.”

அவள் புத்தகத்தை மூடிவைத்தாள். “வேண்டாங்க. மனசை நோகடிக்கிற விஷயத்தைத் தொடாதீங்கன்னு பாடத்துலயே போட்டிருக்கு.”

“யார் மனசு? என் மனசுதானே. பதினோரு வருஷமா அண்ணன் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. எழுதவாவது எழுதட்டும்.”

அவர்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது அது. வேனின் முன்சீட்டில் அப்பா, அண்ணன், தம்பி மூன்று பேர். கொட்டும் மழையில் வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. அப்பா அங்கேயே போய்விட்டார். தம்பி, அதாவது இவள் கணவன், ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்தான். கண் விழித்தபோது வண்டியை ஓட்டியவன் அவன்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கு மட்டும்தான் புதுச் செய்தி. வழக்கு நடந்து லைசென்ஸ் போயிற்று. அன்றிலிருந்து ஒரு சைக்கிளைக்கூட அவன் தொட்டதில்லை. மூத்தவன் வீட்டில் இருக்கும் அம்மா அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “அவனைச் சாப்பிடச் சொல்லும்மா” என்று இவளிடம் சொல்லுவாள்.

அந்த அண்ணன், அவளுடைய மைத்துனர், பஸ் டிரைவர். போனில் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறார் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, “சரிம்மா, எழுதறேன்” என்றார்.

இருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். எழுதியவர் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் பின்வாங்கலாம் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. கணவன் ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டான். அடித்தல் திருத்தல் இல்லை. அதில் மழையின் சத்தம் இல்லை, பயம் இல்லை. பேப்பரில் வந்த செய்தியைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. மைத்துனர் எழுதியது ஒரு வாரம் கழித்து வந்தது. உறையைப் பசை போட்டு ஒட்டி, அதற்குமேல் மூன்று இடத்தில் பின் அடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவன் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் உறையைப் பிரித்தாள். தம்பிதான் ஓட்டினான் என்று முதல் வரியிலேயே இருந்தது. பிறகு மழை, வேலை செய்யாத வைப்பர், எதிரே வந்த லாரியின் வெளிச்சம். ‘பிரேக்கை மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தான். உள்ளங்கையில் வழுக்கியது.’

அவள் கை அந்த இடத்தில் நின்றது. ‘மிதித்தான்’ என்ற சொல்லில் ஏதோ உறுத்தியது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடைசி ‘த’வுக்கு முன்னால் ஒரு கொம்பு இருந்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு காலை நெருக்கிச் செருகியிருந்தார். மிதித்தேன், மிதித்தான் ஆகியிருந்தது. ‘ஒடித்தான்’ என்பதிலும் அதே சுரண்டல். தாள் அங்கே மெலிந்து, அந்தப் பக்கத்து விரல் தெரிந்தது.

அடுத்தவன் உள்ளங்கையில் வழுக்கியது இவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் அதே பாடப்புத்தகம் இன்னொன்றையும் சொல்லியிருந்தது: மனிதன் தான் காண விரும்புவதையே காண்பான். பதினோரு வருடமாகக் குனிந்த தலையோடு நடக்கும் புருஷன் நிரபராதியாக இருக்க வேண்டும் என்று அவளைவிட யார் விரும்பப்போகிறார்கள்? எழுத்துப்பிழையாக இருக்கக்கூடாதா? தாளை மடித்து, பழைய துணிகளுக்கு அடியில் வைத்தாள். கணவன் வந்து, “அண்ணன் அனுப்பிட்டாரா? என்ன எழுதியிருக்கார்?” என்று கேட்டபோது, “எல்லாம் முடியட்டும், சேர்த்துச் சொல்றேன்” என்றாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் முகத்தையே பார்த்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைத்துனரிடமிருந்து போன்.

“ஏம்மா, அந்தப் படிவத்துல பின்வாங்கலாம்னு இருக்குதே. நான் பின்வாங்கிக்கறேன். தாளைத் திருப்பிக் கொடுத்துடு.”

பாடம் நடத்தும் பேராசிரியைக்குத் திங்கள்தோறும் ஒரு மணி நேரம் போன் செய்யலாம். யார், என்ன என்று சொல்லாமல், பங்கெடுத்தவர் விலகுகிறார் என்று மட்டும் சொன்னாள்.

“அப்ப தாள் அவருக்குச் சொந்தம். அதுல இருந்த ஒரு வரியைக்கூட நீங்க எழுதவும் கூடாது, யார்கிட்டயும் சொல்லவும் கூடாது.”

“அந்த விஷயம் இன்னொருத்தர் வாழ்க்கையைப் பாதிக்கறதா இருந்தா, மேடம்?”

“யார் உயிருக்காவது ஆபத்தா?”

“இல்ல.”

“அப்ப எழுதினவர்கிட்ட பேசலாம். அவர்கிட்ட மட்டும்.”

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் உறையோடு பஸ் டிப்போவுக்குப் போனாள். வரிசையாக நின்ற பஸ்களில் ஒன்றில், டிரைவர் சீட்டில் உட்காராமல், பயணிகள் சீட்டில் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். அடுத்த டிரிப்புக்கு இருபது நிமிடம் இருந்தது. உறையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“படிச்சியா?”

“படிச்சேன், அத்தான்.”

“அவன்?”

“இல்ல. நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

அவர் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அப்ப எனக்கு வேலை நிரந்தரமாகல. ஓட்டினது நான்னு தெரிஞ்சா அதோட எல்லாம் போச்சு. போலீஸ்காரர் கேக்கறார். உள்ள டாக்டர், தம்பி பிழைக்கறது கஷ்டம்னு சொல்லிட்டார். பிழைக்காதவன் பேர்ல போட்டா யாருக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு...” கம்பியிலிருந்து கையை எடுத்தார். “அவன் ஏழாம் நாள் கண்ணைத் திறந்துட்டான். நான் சந்தோஷப்பட்டேன், அது சத்தியம். பயந்தேன், அதுவும் சத்தியம்.”

அவளுக்கு ஓங்கி ஓர் அறை விடலாம்போல இருந்தது. உறையை இறுக்கிப் பிடித்தாள்.

“சொல்லிச் சொல்லி, கண்ணை மூடினா அவன் ஓட்டற மாதிரிதான் எனக்கே தெரியும். நீ எழுதச் சொன்னியே, பேனாவைக் கையில எடுத்தேன், என் கால் தானா பிரேக்கைத் தேடுது.”

“அத்தான், என் வாயைக் கட்டிப்போட ஒரு படிவம் இருக்கு” என்றாள். “உங்க வாயைக் கட்ட எதுவும் இல்ல.”

உறையை அவர் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த பதினோரு நாள் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெல்ட்டில் காலிக் குழிகள் கண்ணுக்குத் தப்பின; மேற்பார்வையாளர் இரண்டு முறை கூப்பிட்டு எச்சரித்தார். வீட்டில் கணவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தொழிற்சாலையில் இரண்டு பெண்களைப் பிடித்து, கேன்டீனில் சாம்பார் அண்டா கவிழ்ந்த கதையை எழுதி வாங்கி அசைன்மென்டை அனுப்பினாள். ஒருத்தி அண்டா என்றாள், இன்னொருத்தி வாளி என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் மைத்துனர் வந்தார். சீருடை இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கதவருகிலேயே நின்று தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“வேனை ஓட்டினது நான்டா.”

கணவன் டீ டம்ளரை மேசையில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். அண்ணன் மீதியைச் சொல்லி முடிக்கும்வரை அசையவில்லை. பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனான். அவள் பின்னாலேயே ஓடப் பார்த்தாள். மைத்துனர், “விடும்மா” என்றார். இருவரும் ஒரு மணி நேரத்துக்குமேல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவன் திரும்பி வந்தபோது கால் முழுக்கப் புழுதி. அண்ணனைப் பார்க்காமல் கேட்டான்: “அம்மாகிட்ட யார் சொல்றது?”

“நான்தான்.”

“இப்பவே சொல்லணும்.”

மூவரும் போனார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து மூத்தவன் சொன்னதைக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தார்கள். அவள் அழவில்லை. இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நான் இத்தனை வருஷமா யார்மேலடா கோவமா இருந்தேன்?”



திரும்பி வரும் வழியில் கணவன் நின்றான். “உனக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும்.”

“பக்கத்துலயே படுத்துக்கிட்டு, எப்படி வாயைத் திறக்காம இருந்தே?”

“நான் சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்க. ஆனா அவர் இல்லன்னு சொல்லியிருப்பார். அப்புறம் சாகறவரைக்கும் சொல்லியிருக்க மாட்டார்.”

இரண்டு நாள் அவன் அவளோடு சரியாகப் பேசவில்லை. அண்ணனைக் கொஞ்ச காலத்துக்கு வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வழக்கை மறுபடி எடுக்கலாம் என்று வக்கீல் சொன்னதற்கு, யோசிக்கிறேன் என்றான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றாம் நாள் விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது, குறட்டை வேறு. பகலில் அவன் தூங்கி அவள் இதுவரை பார்த்ததில்லை. அவள் அடுத்த பாடத்தின் பதிவை ஓடவிட்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தாள்.