ஸ்டென்குவிஸ்ட் இல்லாத கடைசி ஆட்டம்

கோல்பர்ன் விமானத் தளத்தில் அந்த இலையுதிர் காலம் முழுக்க ஓய்வே இல்லாதவை இரண்டு: ஒன்று நெப்ராஸ்காவின் காற்று, இன்னொன்று கர்னல் பிளெட்சோவின் வாய். 1943, போர் உச்சத்தில் இருந்த நேரம். தளத்தின் தலைவரான அவருக்கோ போரைவிட எங்கள் கால்பந்து அணியின் மீதுதான் உயிர். கால்பந்து என்று பெயரே தவிர, காலுக்கு வேலை குறைவு, தோளுக்கு வேலை அதிகம். அதுதான் எங்கள் ஊர் ஆட்டம். சமையல்காரன், மெக்கானிக், விமானத்தில் குண்டு ஏற்றுகிறவன் என்று அள்ளிப் போட்ட கூட்டம் நாங்கள். பேர்பெற்ற பல்கலைக்கழக அணிகளை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தோம். ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

அந்த வெற்றிகளில் பாதி ஆர்வில் ஸ்டென்குவிஸ்டுடையது. நடுவில் நிற்பவன் அவன். குனிந்து, கால்களுக்கு இடையே பார்த்து, பந்தைப் பின்னால் எறிவான். நான் குச்செரா, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கிறவன். அவன் எறிந்த பந்து பிடிப்பவன் கையில் தானாக வந்து உட்காரும். அவன் அதைத் தரையில் நிறுத்திப் பிடிக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கலாம். ராணுவத்தில் அவனுக்குக் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் உட்கார்ந்து துப்பாக்கி சுடும் வேலை.

"அங்கயும் பின்னாடி பார்க்கிற வேலை, இங்கயும் பின்னாடி பார்க்கிற வேலை. உலகத்துல முன்னாடின்னு ஒண்ணு இருக்குடா, தெரியுமா?" என்று அவனைச் சீண்டுவோம்.

"முன்னாடி உங்க மூஞ்சிங்கதானே இருக்கு. அதை எவன் பார்ப்பான்?" என்பான்.

தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல ஆட்டக்காரனுக்குப் போர்முனைக்குப் போக உத்தரவு வந்தால், ஆட்டங்கள் முடியும்வரை கர்னல் அதை எப்படியாவது தள்ளிப் போட்டுவிடுவார். கடைசி ஆட்டத்திலும் வென்றால் புத்தாண்டுப் போட்டிக்கு அழைப்பு நிச்சயம். அந்தப் போட்டி முடியும்வரை எங்களை யாரும் அசைக்க முடியாது; தோற்றால் அன்றோடு சலுகை முடிந்தது. "வழி விடுங்கடா, பந்தோட போர் பண்ற மகராசனுங்க வர்றானுங்க" என்று சாப்பாட்டு வரிசையில் மற்ற சிப்பாய்கள் குத்துவார்கள். கூசத்தான் செய்யும். ஆனால் ஆட்டக்காரர்களுக்கென்று கூடுதலாகக் கிடைத்த இறைச்சியை எங்களில் ஒருவனும் வேண்டாம் என்றதில்லை.

கடைசி ஆட்டம் நடக்க இருந்த வாரத்தில் ஸ்டென்குவிஸ்டின் விமானக் குழுவுக்கு உத்தரவு வந்துவிட்டது. சனிக்கிழமை புறப்பாடு. ஆட்டமும் அன்றைக்குத்தான். கர்னல் பயிற்சி நடக்கும் மைதானத்துக்கே வந்தார்.

"கவலைப்படாதேப்பா. உன் இடத்துல வேற ஒருத்தனைப் போட்டு அனுப்பிடறேன். நீ அப்புறமா வேற குழுவோட போகலாம்."

"வேண்டாம் சார்."

"ஏன், சாகறதுக்கு அவ்வளவு அவசரமா?"

"இல்ல சார், பயமாத்தான் இருக்கு. ஆனா எங்க பைலட் திரும்பறப்போ வாலு ஒரு பக்கமா வெட்டி இழுக்கும். அது எப்போ இழுக்கும்னு தெரிஞ்சு சுடறதுக்கு எனக்கே மாசக்கணக்கா ஆச்சு. புதுசா வர்றவனுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது பேரு என்னை நம்பி, திரும்பிக்கூடப் பார்க்காம உக்காந்திருக்காங்க சார்."

கர்னலின் முகம் சிவந்தது. ஒரு வார்த்தை சொல்லி அவனைத் தடுத்திருக்கலாம். அணி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "டேய், நீ பாட்டுக்குப் போயிட்டா நான் யாரு எறியற பந்தைடா உதைக்கிறது?"

"சமையல்கார டட்டில் எறிவான். கொஞ்சம் தாழ வரும். அவனைத் திட்டாதே."

சனிக்கிழமை எங்கள் தளத்து மைதானத்தில் எதிரே நின்றது கடற்படைக்காரர்களின் அணி. அவர்களும் தோற்றதே இல்லை. கடைசி நிமிடத்தில் அவர்கள் பதினான்கு, நாங்கள் பதின்மூன்று. பந்து என் உதைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அது கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஆட்டம் எங்களுடையது.

அப்போதுதான் ஓடுபாதையிலிருந்து விமானங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எங்கள் தளத்தில் விமானம் கிளம்பினால் யாராக இருந்தாலும் நின்று எண்ணுவார்கள். போகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் வழியனுப்பு அது. செய்ய வேண்டியதை மறந்து, தலையை அண்ணாந்து, அணி மொத்தமும் எண்ணிக்கொண்டு நின்றோம். ஸ்டென்குவிஸ்டின் விமானம் கடைசியாக மேலே ஏறியது. நடுவர் விசில் ஊதினார். நேரம் கடத்திய குற்றத்துக்கு ஐந்து கஜம் பின்னால் போக வேண்டும்; அங்கிருந்து என் உதை எட்டுவது சந்தேகம். எங்கள் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

தண்டனையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எதிரணித் தலைவனுக்கு உண்டு. அப்படி யாரும் சொல்வதில்லை. குவின்லன் என்ற அந்தக் கடற்படைக்காரன் நடுவரிடம் போனான்.

"வேண்டாம் சார். அவங்க இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

"ஏன்யா?" என்றேன்.

"நாங்களும்தான் எண்ணிக்கிட்டிருந்தோம். சரி சரி, உதை. ஆனா உள்ள போச்சுன்னா பார்த்துக்கோ!"

அந்த ஆளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டட்டில் குனிந்து எறிந்தான். பந்து தாழத்தான் வந்தது. பிடித்தவன் தரையோடு அள்ளி நிறுத்த, நான் பலம்கொண்ட மட்டும் உதைத்தேன். பந்து இடது கம்பத்தை உரசி வெளியே போனது.

உடைமாற்றும் அறையில் டட்டில் தேம்பிக்கொண்டிருந்தான். நான் அவனைத் திட்டவில்லை. கர்னல் உள்ளே வந்து நேராக என் முன்னால் நின்றார்.

"அவன் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

"ஆமா சார்."

"நீ வேணும்னேதானே வெளிய உதைச்சே? அவன் பண்ண தியாகத்தைப் பார்த்து உனக்கும் போர்முனைக்குப் போகற ஆசை வந்துடுச்சோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாதி கழற்றிய பூட்ஸோடு எழுந்து நின்றேன்.

"சார், அது உள்ள போகும்னா என் காலையே வெட்டிக் குடுத்திருப்பேன். ஜெயிச்சா புத்தாண்டு வரைக்கும் இங்கயே இருக்கலாம்னு எனக்குத் தெரியாதா? அந்த நினைப்போடதான் உதைச்சேன். இங்க இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் அதே நினைப்புதான். அதை விட்டுட்டுப் போக முடிஞ்சவன் ஒருத்தன்தான் சார். அவன் போயிட்டான்."