பத்து மீட்டர்தானே

தண்ணீருக்கு அடியில் இருக்கும் புருஷனோடு சண்டை போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்ரஸர் அக்கா போடுவாள். அவன் கீழே, அவள் மேலே, நடுவில் ஒரு காற்றுக் குழாய், அது போதும். அவள் குழாயை ஒரு தடவை இழுத்தால் ‘நல்லா இருக்கீங்களா’ என்று அர்த்தம். அவன் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுத்தால் ‘இருக்கேன்’. அவள் நாலு தடவை இழுத்தால் ‘போட்டதைப் போட்டபடி விட்டுட்டு மேல வாங்க’. அதற்கு அவன் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தான் என்றால், அதை இங்கே எழுத முடியாது. அவளுக்கு மட்டும் நன்றாகப் புரியும்.

துறைமுகத்தில் அவனுக்கு நீர்க்கோழி என்று பெயர். முங்கினால் எங்கே எழும்புவான் என்று தெரியாது. படகில் கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் அவள் கம்ப்ரஸர் அக்கா. அந்த இயந்திரம் மேலிருந்து காற்றை அனுப்பும். குழாய் அதை அவன் வாய்க்குக் கொண்டுபோகும். குழாயை அவன் இடுப்புப் பட்டையில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பழைய சரக்குத் துறையின் தூண்களில் விரிசல் விழுந்திருந்தது. ஒவ்வொரு தூணிலும் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டிவிட்டு, விரிசலைப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

விரிசல் விட்ட தூணில் படகைக் கட்டக்கூடாது என்று துறைமுகத்து இன்ஜினியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டுத்தான் நிற்க வேண்டும். அங்கேதான் வில்லங்கமே. அடியில் குழம்பு மாதிரி சேறு. நங்கூரம் பிடித்தால் பிடித்தது. நழுவினால் படகு காற்றோடு போய்விடும். படகு போனால் கம்ப்ரஸரும் போகும், குழாயும் போகும், குழாயின் நுனியில் கட்டிய மனுஷனும் போவான். இன்ஜினைப் போட்டுத் திருப்பிக்கொண்டு வரலாமே என்றால், ஆள் அடியில் இருக்கும்போது படகின் அடியிலுள்ள விசிறியைச் சுற்றவிடுவது கொலைக்குச் சமம்.

முதலில் நீர்க்கோழியிடம் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று இருந்தது. நங்கூரம் போட்டதும் அதில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அந்த இடத்தைச் சுற்றிப் பதினைந்து மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்ளும். படகு வட்டத்தைத் தாண்டினால் சத்தம் கொடுக்கும். சத்தம் என்றால் என்ன சத்தம்? கொசு கூட அதைவிடக் கூடுதலாகக் கத்தும். கம்ப்ரஸர் ஓடும்போது காதருகில் வைத்தாலும் கேட்காது. எனவே அவளுடைய தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், அவள் போனில் அதே மாதிரி வட்டம் போடும் நங்கூர அலாரம் ஒன்றை ஏற்றி, கோயில் மைக் செட்டுக்கே சவால் விடும் ஒரு ஸ்பீக்கரையும் மாட்டிக் கொடுத்தான்.

சத்தத்துக்கு அதற்குமேல் பஞ்சமில்லை. புத்திக்குத்தான் பஞ்சம். தலைக்கு மேலே கிரேன் நீட்டிக்கொண்டு நின்றாலோ, பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து வானத்தை மறைத்தாலோ, போனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பிவிடும். நகராத படகு நகர்ந்துவிட்டதாக ஊரைக் கூட்டும். அவள் பதறி நாலு இழுப்பு இழுப்பாள். அவன் சுரண்டியை விட்டுவிட்டு மேலே வருவான். வந்து பார்த்தால் படகு பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அதே இடத்தில் நிற்கும்.

"நகர்ந்துச்சா?"

"போன் நகர்ந்துச்சுன்னு சொல்லிச்சு."

"போன் சொல்லும். உனக்குக் கண்ணு எங்க போச்சு?"

ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை இப்படி நடந்தபோது அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இன்னொரு தடவை சும்மா மேலே இழுத்தால் அவளை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, அவள் இடத்தில் தன் சித்தப்பா மகனை உட்காரவைப்பதாகச் சொல்லிவிட்டான். துறைமுகத்திலும் பேச்சு கிளம்பியிருந்தது. ‘புருஷன் தண்ணிக்குள்ள, பொண்டாட்டி போனுக்குள்ள’ என்று ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரிக்க, அது அவள் காதுக்கும் வந்துசேர்ந்தது. போனைப் பார்ப்பதுதான் அவள் வேலை என்பதை ஒவ்வொருத்தனிடமும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அந்த இடத்தை விட அவளுக்கு மனசில்லை. வெயில், இரைச்சல், புகை எல்லாம் உண்டு. ஆனாலும் அங்கே உட்கார்ந்தால் தண்ணீரில் அவன் விடும் குமிழிகள் தெரியும். வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்குப் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பது சாயங்காலம் அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரியும். இவளுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும். அதை எந்தச் சித்தப்பா மகனுக்கும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அன்றைக்கு நிலத்துப் பக்கமிருந்து காற்று அடித்தது. நங்கூரம் போட்டார்கள். அவள் போனில் பட்டனை அமுக்கினாள். அவன் பழக்கதோஷத்தில் கையடக்கக் கருவியிலும் பட்டனை அமுக்கி, அதைக் கேபினுக்குள் ஆணியில் மாட்டினான். மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு பட்டையைக் கட்டினான்.

"அலாரம் அடிச்சா?" என்று கேட்டாள்.

"அடிக்காது."

"அடிச்சா?"

"அடிக்காதுன்னு சொல்றேன்ல," என்றான். காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டான். அதற்குமேல் அவனிடமிருந்து பதில் வாங்க முடியாது.

சிவப்புப் பெயின்ட்டில் ஏழு என்று எழுதிய தூணருகில் குமிழிகள் வந்தன. அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். அவனும் ஒரு இழுப்பு இழுத்தான். எல்லாம் ஒழுங்கு. மேல்தளத்தில் வளையம் வளையமாகச் சுற்றிவைத்திருந்த குழாயில் மூன்றில் ஒரு பங்குகூட வெளியே போகவில்லை.

இழுவைக் கப்பல் ஒன்று அலையைக் கிளப்பிக்கொண்டு கடந்துபோனது. படகு நாலு தடவை தூக்கிப் போட்டு அடங்கியது. அவள் போனைப் பார்த்தாள். அமைதியாக இருந்தது. நல்லபிள்ளை, இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டிரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வளையம் குழாய் தானாக அவிழ்ந்து தண்ணீருக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று. அடுத்த தூணுக்கு நகர்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள். மூன்றாவது வளையம் போனபோது, இவ்வளவு சீக்கிரம் ஒரு தூணை முடிக்கிற ஆள் இல்லையே என்று தோன்றியது. எழுந்து குமிழிகளைத் தேடினாள். அவை சிவப்பு ஏழின் பக்கத்திலேயேதான் வந்துகொண்டிருந்தன. ஆனால் ஏழு சின்னதாகிவிட்டிருந்தது.

அவன் நகரவில்லை. படகுதான் போய்க்கொண்டிருந்தது.

போனைப் பிடுங்கிப் பார்த்தாள். திரையில் ஒரு வட்டம். அதற்குள் படகின் புள்ளி, வீட்டுக்குள் இருக்கிற மாதிரி நிம்மதியாக இருந்தது. வட்டம் இவ்வளவு பெரியதாக எப்போது ஆனது? யோசிக்க நேரமில்லை. கடைசி வளையமும் போய், குழாய் விறைத்து, படகின் விளிம்பில் கிரீச்சிட்டது. நாலு இழுப்பு இழுக்க முயன்றாள். இரும்புக் கம்பியை இழுப்பதுபோல் இருந்தது. ஏழாம் தூணருகில் குமிழிகள் தாறுமாறாக வந்தன.

அப்போதும் இன்ஜின் சாவிப் பக்கம் அவள் கை போகவில்லை. முன்பக்கம் ஓடி, நாலு கொக்கி வைத்த சின்ன நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடலில் எறிந்தாள். கயிறு ஓடியது. படகின் முனையிலிருந்த கட்டையில் அதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். நழுவியது. இன்னும் கொஞ்சம் விட்டாள். மறுபடி பிடித்தாள். ‘பிடிச்சுக்கோடா, பிடிச்சுக்கோடா’ என்று கொஞ்சினாள், கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் படகின் மூக்கு வெடுக்கென்று காற்றுப்பக்கம் திரும்பியது. பிடித்துவிட்டது.

கயிற்றை முடிந்துவிட்டுப் பின்பக்கம் ஓடி வந்தாள். குழாய் லேசாகத் தொய்ந்திருந்தது. இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பதில் இல்லை. மறுபடி நாலு. அந்தப் பக்கத்திலிருந்து வெடுக்கென்று ஒரு இழுப்பு வந்தது. எழுத முடியாத அதே வார்த்தை. அதைக் கேட்டு அவள் அந்த இடத்திலேயே ஓவென்று அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்னதிலேயே இனிமையான வார்த்தை அதுதான்.

தண்ணீர்மட்டத்துக்கு வந்தவனைக் குழாயோடு கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். ஏணியில் ஏறி வந்தான். இரண்டு கைகளிலும் மார்பிலும் சிப்பி கிழித்த கோடுகள். பட்டை இறுக்கிய இடத்தில் இடுப்பு கன்றிப்போயிருந்தது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

"பைத்தியமா உனக்கு? எதுக்குடி அப்படி இழுத்த?"

"நான் இழுக்கலைங்க."

"நீ இழுக்காம? போன் கத்திடுச்சுன்னு நீ இழுக்கிறன்னுதான் நெனச்சேன். இன்னிக்கு வரவே மாட்டேன்னு தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். நீ விடவே இல்ல. இவளுக்கு இவ்வளவு பலம் எங்கேருந்து வந்துச்சுன்னு…"

அப்போதுதான் கரையைப் பார்த்தான். ஏழாம் தூண் எங்கேயோ இருந்தது. அவன் வாய் திறந்தபடியே நின்றது. அவ்வளவு நேரமும் பொண்டாட்டியோடு மல்லுக்கட்டுவதாக நினைத்துக்கொண்டு, ஒரு முழுப் படகோடும் காற்றோடும் மல்லுக்கட்டியிருக்கிறான். வீம்பில் பிடித்த பிடி. இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் குழாய் அறுந்திருக்கும், இல்லையென்றால் அவன் இடுப்பு.

அவள் கம்ப்ரஸரை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில், கேபினுக்குள்ளிருந்து கீச், கீச், கீச் என்று மெல்லிய சத்தம் கேட்டது. ஆணியில் மாட்டிய கையடக்கக் கருவி. எப்போதிலிருந்து கத்திக்கொண்டிருந்ததோ, பாவம்.

அன்று சாயங்காலம் தம்பி கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தான். அவன் மாமா கட்டிலில் குப்புறப் படுத்திருக்க, அக்கா மருந்து தடவிக்கொண்டிருந்தாள். போனை எடுத்து நோண்டினான்.

"நாப்பத்தஞ்சு மீட்டர்னு இருக்கு. யாரு வெச்சது?"

"பதினஞ்சுலதானே வெச்சுக் கொடுத்த?" என்றாள் அக்கா.

தம்பி தலையைச் சொறிந்தான். "போன வாரம் மாமா என்னைப் புடிச்சுத் திட்டினாருல்ல? அன்னிக்குக் கொஞ்சம் கூட்டி வெச்சேன். பத்து மீட்டர்தான்."

அவள் கை மருந்தோடு அப்படியே நின்றது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கண்ணெதிரே அந்தக் கன்றிப்போன இடுப்பு இருந்தது. "நானும் நேத்து எவ்வளவு இருக்குன்னு பாக்காமலே கூட்டினேன். மறுபடி சும்மா இழுத்தா என்னைப் படகுல ஏத்த மாட்டாருன்னு பயம். பத்து மீட்டர்தானேன்னு…"

இன்னும் பத்து கணக்கில் உதைத்தது. இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"காலைல நீ நங்கூரக் கயிறு கட்டிக்கிட்டிருந்தப்ப."

"எவ்வளவு?"

"பத்துதான்."

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போனான்.

அவள் சிரிக்கவில்லை. மருந்து டப்பாவை மூடினாள்.

"நீங்க செத்திருந்தா ஊரு என்ன சொல்லியிருக்கும் தெரியுமா? போனைப் பாத்துக்கிட்டே புருஷனை விட்டுட்டான்னு சொல்லியிருக்கும். அதைக்கூடத் தாங்கிக்குவேன். ஆனா அது அடிக்கலைன்னு நான் சந்தோஷமா உக்காந்திருந்தேன் பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. இனிமே அந்த வட்டத்தை யாரும் தொடக்கூடாது. நான்தான் வைப்பேன். அது கத்தினா கத்தட்டும். நான் இழுத்தா நீங்க வரணும்."

சித்தப்பா மகனைப் பற்றி அவன் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

காயம் ஆறியதும் மறுபடி வேலைக்குப் போனார்கள். அவள் வட்டத்தைப் பதினைந்தில் வைத்தாள். ஸ்பீக்கரைத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். ஏழாம் தூண் முடிந்து, எட்டும் முடிந்தது. ஒன்பதாம் தூணில் அவன் இருந்தபோது வானம் தெளிவாக இருந்தது. கிரேன் இல்லை, கப்பல் இல்லை, காற்றுகூட இல்லை. போன் வாயைத் திறக்கவில்லை. நங்கூரக் கயிறு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. குமிழிகள் வரவேண்டிய இடத்தில் வந்தன. எல்லாம் சரியாக இருந்தது. அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

நாலு இழுப்பு இழுத்தாள்.

வெடுக்கென்ற இழுப்பு வரவில்லை. அவன் வந்தான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாயிலிருந்ததை எடுத்தான்.

"நகர்ந்துச்சா?"

"இல்ல."

"போன் கத்துச்சா?"

"இல்ல."

"பின்ன எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதான்."

அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தபடி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தான். "சரி," என்றான். கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி கீழே போனான்.