அறுபத்தாறு சென்டிமீட்டர்

அண்ணனின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வாலு செருகிய பேனா மூன்றாவது முறையாகப் படுக்கையில் விழுந்தது. "கொஞ்சம் இறுக்கிப் பிடி அண்ணா. ஒரே ஒரு கையெழுத்து" என்றாள் அவன் காதோரம். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் மூச்சு ஏறி இறங்கியது. கண் மட்டும் அவளையே பார்த்தது. அவள் மறுபடி பேனாவைச் செருகும்போது திரை விலகியது. கையில் இரண்டு காபிக் கோப்பைகளோடு அண்ணி நின்றாள்.

"என்ன பண்ற?"

"ஆஸ்பத்திரி ஃபார்ம் அண்ணி."

"ஆஸ்பத்திரி ஃபார்ம்ல எல்லாம் நான்தானே கையெழுத்துப் போடறேன்?"

வாலுவுக்கு வயது முப்பத்தைந்து. சின்ன வயதுச் சேட்டைக்கு அண்ணன் வைத்த பெயர், ஒரு கம்பெனிக்குத் தலைமைப் பொறியாளர் ஆன பிறகும் அவளை விடவில்லை. ஆனாலும் இப்படிக் கையும் களவுமாக அவள் மாட்டியதில்லை. அண்ணி கோப்பைகளை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். அண்ணி தையல் கடை வைத்திருப்பவள். ஒரு அங்குலம் பிசகினால் துணி போய்விடும் என்று எதையும் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் அவளுக்கு.

"காப்புரிமைத் திருத்தம்" என்று படித்தாள். "இந்தக் கண்டுபிடிப்பு என் தங்கையுடையது, என் பெயர் தவறாகக் குறிக்கப்பட்டது." நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. "மூச்சு விடவே திணறிக்கிட்டுக் கிடக்கற மனுஷன்கிட்ட இதுக்கா வந்தே?"

"இன்னைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது அண்ணி. அதுக்கப்புறம் பேரை மாத்தவே முடியாது."

"எதுக்கு மாத்தணும்? அந்த வட்டம் அவரு யோசிச்சது. மேடை மேடையா அதைத்தானே பேசினாரு?"

"என்கிட்ட கேக்காதீங்க. அண்ணனைக் கேளுங்க."

அண்ணி கட்டில் பக்கம் குனிந்தாள். "என்னங்க, இவ சொல்றது நிஜமா? இவளா அதைக் கண்டுபிடிச்சா?"

அண்ணன் மனைவியைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். பிறகு தலையணையில் தலையை இடமும் வலமுமாக மெதுவாக அசைத்தான். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இன்னொரு முறையும் அசைத்தான்.

"வெளிய இரு" என்றாள் அண்ணி.

நடைபாதையில் ஒரு நீளப் பெஞ்ச் கிடந்தது. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வாலு உட்கார்ந்தாள். துக்கமா கோபமா என்று கேட்டால் கோபம்தான். சாகிற நேரத்தில்கூடவா ஒரு மனிதன் இப்படி வாய் கூசாமல், அதுவும் வாயைத் திறக்காமலே பொய் சொல்வான்?

ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கம்பெனி ஒரு மருந்துக்கடை மாடியில் அண்ணனும் அவளும் வாடகைக்கு எடுத்த அறை மட்டும்தான். ஹெட்செட்டை மாட்டினால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே கூடத்தில் உருவங்களாக நடமாடலாம், பேசலாம். அப்படி ஒரு உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் சோதனை நாளில் வாலு தானே ஒரு உருவமாக உள்ளே போனாள். ஐந்தே நிமிடத்தில் ஏழெட்டு உருவங்கள் அவளைச் சூழ்ந்தன. ஒட்டி நின்றன. சிரித்துக்கொண்டே அவள் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. பொம்மை உடம்புதான், இருந்தாலும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டி அளந்தாள். அந்த அளவுக்கு ஒவ்வொரு உருவத்தையும் சுற்றி ஒரு வட்டம். அவர்களாக உள்ளங்கையை உயர்த்திக் கூப்பிட்டால் ஒழிய யாரும் அதற்குள் வர முடியாது. தடுப்புச் சுவர் யாரும் கட்டலாம், அதில் முட்டியவனுக்கு ஆத்திரம்தான் வரும். வாலு யோசித்தது வேறு. தடுக்கப்பட்டவனுக்குத் தான் தடுக்கப்பட்டதே தெரியாது. அவன் பார்வையில் அவள் ஓர் எட்டுத் தள்ளி நிற்பாள், அவ்வளவுதான். ஒரே கூடம், ஆளுக்கொரு காட்சி, எதுவும் எதோடும் மோதாது. நான்கு நாளில் எழுதி முடித்தாள்.

இது எப்படித் தோன்றியது என்று எல்லோரும் கேட்பார்களே என்று அண்ணன் கவலைப்பட்டபோது, "நான் சொல்ல மாட்டேன், யாருக்கும் தெரியவே கூடாது" என்று அழுதவளும் அவள்தான். "சரி விடு, எனக்கு நடந்த மாதிரி நான் சொல்லிக்கறேன்" என்றான். விண்ணப்பமும் அவன் பெயரில் போயிற்று. முதலில் அது உதவிதான். பிறகு மேடைகள் வந்தன, பரிசுகள் வந்தன, கதை அவன் நாக்கில் பழகிவிட்டது. இந்த வருடம்தான் அவள் கேட்டாள். "போட்டுடலாம் வாலு, அடுத்த வாரம்" என்று நாலு மாதம் தள்ளினான். ஐந்தாவது மாதம் அவனுக்கு நுரையீரலில் நோய் வந்துவிட்டது.

அழுதவளுக்குக் கொடுத்த வாக்கைத்தான் இன்னும் காப்பாற்றுகிறானோ என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பின் மேலும் கோபம் வந்தது.

இரண்டு மணிக்கு வக்கீல் கூப்பிட்டார். "ஆச்சா மேடம்?"

"அவரால முடியல சார்."

"அவர் இருக்கற வரைக்கும் அவர்தான் போடணும். இல்லைன்னா வாரிசு போடலாம்."

"இல்லைன்னா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரலில் இருந்த அவசரம் அவளுக்கே உறைத்தது. போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். அண்ணன் சாவதற்குக் காத்திருக்கிறவள் போல அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு உள்ளே காலடிகள் ஓடின. அவள் எழுந்து ஓடியபோது நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனின் மூக்கிலும் கன்னத்திலும் மாஸ்க்கின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அண்ணி அவன் கால் பக்கம் நின்று போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

அரை மணி நேரம் கழித்து, உடம்பைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இருவரையும் வெளியே அனுப்பினார்கள். டாக்டர் நீட்டிய இறப்புப் படிவத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டாள். தன் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். வாலு மறுமுனையில். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். மணி நாலு. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, ஃபைலைத் திறக்கக் கை வரவில்லை.

"அதைக் கொடு" என்றாள் அண்ணி.

அண்ணி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவள் ஒவ்வொரு தாளையும் திருப்புவதற்குள் வாலுவுக்கு உயிர் போய் வந்தது. ஏழாம் பக்கத்தில் அண்ணியின் விரல் நின்றது.

"கண்டுபிடிப்பாளர் தன் தோள்முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்த தூரம், அறுபத்தாறு சென்டிமீட்டர். இது என்ன?"

"வட்டத்தோட அளவு அண்ணி. அந்தத் தூரத்துக்குள்ள வேற யாரும் வரக்கூடாது."

"அவருக்கு முழுக்கை இருபத்தஞ்சு இஞ்ச். பன்னிரண்டு வருஷமா தைக்கறேன். மணிக்கட்டு வரைக்குமே அறுபத்திமூணரை சென்டிமீட்டர் வந்துடும். மீதி ரெண்டரைக்குள்ள உள்ளங்கை, விரல் எல்லாம் எங்க போச்சு?"

வாலு தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு மணிக்கட்டு வரைக்கும் பத்தொன்பதரை இஞ்ச். விரலோட சேர்த்தா இருபத்தாறு இஞ்ச். அறுபத்தாறு சென்டிமீட்டர்." அண்ணி அவள் கையைப் பார்த்தாள். "அந்தக் கூட்டத்துல மாட்டினதும் நீதானா?"

வாலு தலையசைத்தாள். அண்ணியின் கண் அப்போதுதான் முதல்முறையாக நிறைந்தது. அது யாருக்காக என்று வாலுவுக்குத் தெரியவில்லை.

"பேனா கொடு."

கொடுத்தாள். அண்ணி ஃபைலின் கடைசியில் இருந்த வாரிசுக்கான தாளை எடுத்து, மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தேதிக்கான இடத்தில் பேனா நின்றது.

"தேதி மட்டும் நாளைக்குப் போடறேனே. இன்னைக்கு ஒரு நாள் அது அவரு கண்டுபிடிச்சதாவே இருக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டால் போதும். நல்லவள் ஆகிவிடலாம். மணி நாலு இருபது.

"நாளைக்குச் செல்லாது அண்ணி" என்றாள் வாலு. "இன்னைக்கே போடுங்க."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியிலிருந்த இறப்புப் படிவத்தில் டாக்டர் எழுதியிருந்த தேதியை ஒரு முறை சரிபார்த்து, அதே தேதியை வாரிசுத் தாளில் எழுதினாள். அதை வாலுவிடம் நீட்டினாள். மற்றதை மடியிலேயே வைத்துக்கொண்டு, மடங்கியிருந்த அதன் மூலையைக் கட்டைவிரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.