தொகை நாற்பத்தொன்று

போருக்குப் பின் நாட்டைவிட்டு வந்த சூசைதாசன் வெக்ஸ்போர்ட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறார். பக்கத்து மேசை மிரியம், யூதப் பெண். அவளுடைய ஆலயத்துக்கான பாடநூல் ஒன்று மார்ச்சில் வந்தது. ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகளைப் பழைய சட்டத் தொகுப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். நாற்பதுக்கு ஒன்று குறைவு என்று தொடங்கி, விதைத்தல், உழுதல், அறுத்தல் என்று பட்டியல் போனது.

மிரியம் எண்ணிப் பார்த்தாள். “முப்பத்தெட்டுத்தான் இருக்கிறது.”

முடிச்சு அவிழ்த்தல் விடுபட்டிருந்தது. சேர்த்துவிட்டுச் சூசைதாசன் கேட்டார்: “பட்டியலே இருக்கும்போது தொகை எதற்கு?”

“எங்கள் பழைய சட்ட அறிஞர்களும் அதைத்தான் கேட்டார்கள். மறதியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பொறுப்பு என்று காட்டத்தான் என்பது ஒரு பதில். எனக்குத் தோன்றுவது வேறு. எழுதாமல் வாயால் ஒப்புவித்த காலம் அது. ஒன்று விழுந்தால், விழுந்தது தெரியவேண்டும்.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

மே மாதத்தில் தமது தேவாலயத்தின் நினைவுப் பூசைக்கு வருடாவருடம் துண்டுப்பிரசுரம் செய்வதும் அவர்தான். இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரே ஷெல்லடியில் செத்த ஊராட்களின் பெயர்கள். இந்த முறை மேலே ‘நாற்பத்தொரு பேர்’ என்று அடித்து அனுப்பினார். மத்தியானம் தேவாலயச் செயலாளர் அருள்நாயகம் போன் எடுத்தார்.

“சூசை, தொகை பிழை போல. பேர் நாப்பதுதான் கிடக்கு.”

“தொகை சரி அண்ணை. குழி வெட்டினது நான்.”

“அப்ப ஆரை விட்டிட்டம்?”

“என்ரை பிள்ளை. பிறந்து மூண்டு நாள். பேர் வைக்கேல்லை.”

தாளின் அளவைச் சொல்வது போலத்தான் சொன்னார். மனைவி செலீனின் பெயர் ஆரம்பத்திலிருந்தே பட்டியலில் இருந்தது.

“இவ்வளவு வருசமா ஏன் சொல்லேல்லை?”

“ஒருத்தரும் கேக்கேல்லை.”

“இப்ப என்னெண்டு வாசிக்கிறது?”

“செலீன்ரை மகள் எண்டு போடுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை அனோஜா என்ற பெண் பெயர்களை வாசித்தாள். செலீன் வந்தது. செலீனின் மகள் வந்தது. பிறகு அடுத்த பெயர். அழுகை வரும் என்று சூசைதாசன் காத்திருந்தார். வரவில்லை.

பூசை முடிந்து கீழே தேத்தண்ணி குடிக்கும்போது, போர் முடிந்தபின் முகாமில் அடுத்த கூடாரத்தில் இருந்த ஜெயமலர் வந்து பக்கத்தில் நின்றாள்.

“பிள்ளை ஆற்றை சாயல் அண்ணை?”

யோசித்துப் பார்த்தார். முகம் வரவில்லை.

“தலை நிறைய மயிர்,” என்றார்.

ஜெயமலர் அவருடைய வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டாள்.