மேட்டில் போட்ட வேலி

அன்று காலையிலிருந்தே எவுதிமியோவின் பாரில் அடுப்பு அணையவில்லை. வதக்கிய உருளைக்கிழங்கில் முட்டையை ஊற்றி, தட்டுத் தட்டாக அடை சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி அதேலா. எல்லாம் மேட்டுக்குப் போகும் சாப்பாடு. முழுச் சூரிய கிரகணம் பார்க்க மத்ரித்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த கூட்டம் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"நானும் வேலிக்கு உள்ள போய்ப் பாக்கலாம்ல?" என்று கேட்டாள் அதேலா.

"ஊர்த் தலைவன் பொண்டாட்டிய எவன் தடுப்பான்?" என்று மீசையைத் தடவினான் அவன்.

நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஊர் முழுக் கிரகணம் கண்டதில்லை. இந்த முறை பிடிப்பது அந்தி நேரத்தில், சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது. ஊரோ பள்ளத்தாக்கில் கிடக்கிறது. மேற்கே இருக்கும் அந்த மேட்டில் ஏறினால் மட்டும்தான் தெரியும்.

மேடு ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். வசந்தத்தில் ஊர்வேலை மணி அடித்தபோது, வழக்கப்படி வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய்க் கிரகணத்துக்காகப் பாதையைச் சீர்செய்தார்கள். எவுதிமியோவுக்குப் பாரில் வேலை என்று அதேலாதான் போனாள். உருண்ட கல் ஒன்று முழங்காலைப் பதம் பார்த்தது. அன்றிலிருந்து நொண்டுகிறாள்.

அந்தப் பாதை காய்வதற்குள் எவுதிமியோ மேட்டை, டிக்கெட் போட்டுக் கிரகணம் காட்டும் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டான். அது மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டது. கோயில் கூரைக்குப் பணம் வரும் என்று ஊரிடம் சொன்னான். வருகிறவர்களுக்கெல்லாம் தன் பாரிலிருந்துதான் சாப்பாடு என்று பேசி முடித்ததைச் சொல்லவில்லை. உறையில் போட்டுக் கொடுத்தால்தான் லஞ்சமா? இதுவும் லஞ்சம்தான், பச்சை லஞ்சம்.

சாயங்காலம் இருவரும் தட்டுகளைச் சுமந்து மேடேறினார்கள். கம்பி வேலி வாசலில் கம்பெனிக்காரன் நின்றான்.

"சாப்பாட்ட வெச்சுட்டு ரெண்டு பேரும் கிளம்புங்க."

"யோவ், நான் ஊர்த் தலைவன்!"

"தெரியுமே. உள்ளூர்க்காரங்க யாரும் உள்ள வரக் கூடாதுன்னு நாங்க சொன்னப்ப, சரின்னு தலையாட்டினதே நீங்கதானே? இப்ப என்ன? அடுத்த வருஷம் இன்னொரு கிரகணம் தெற்குக் கடற்கரைல தெரியுமாம். போய்ப் பாத்துக்குங்க."

அதேலா தட்டை மண்ணில் வைத்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். நொண்டிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

எவுதிமியோ அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தான். யாரும் காது கொடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கீழே மணி அடித்தது. ஊர்வேலை மணி!

மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஊரே ஏறி வந்தது. முன்னால் வந்தவள் ஆட்டுப் பாலாடைக்கட்டி செய்து விற்கும் ஒனோரினா. வாயைத் திறந்தால் நெருப்புதான்.

"நான் சொல்லாம யாரு மணி அடிச்சது?" என்றான் எவுதிமியோ.

"நான்தான். நாம போட்ட பாதைல களை முளைச்சிருக்கு, கம்பிக் களை! புடுங்கணும். மொத வெட்டு தலைவரோடதுதானே வழக்கம்? இந்தாய்யா, புடி." வெட்டுக்கத்தரியை அவன் நெஞ்சில் அழுத்தினாள். "முடியாதுன்னா தள்ளி நில்லு. உன்னையும் சேத்துப் புடுங்கிப் போட்டுட்டுப் போறோம்."

கம்பெனிக்காரன் கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கினான். எவுதிமியோ கத்தரியை வாங்கினான். வெட்டினான். வேலி சாய, ஊர் உள்ளே பாய்ந்தது.

சூரியன் பிறையாகச் சுருங்கிவிட்டது. அவன் மேலே போகவில்லை. அதேலாவை முதுகில் தூக்கியாவது கொண்டுவந்துவிடலாம் என்று பள்ளத்தை நோக்கி ஓடினான். பாதி வழியில் குளிர்காற்று வீசியது. சட்டென்று இருட்டியது. மேட்டிலிருந்து 'ஹோ' என்ற கூச்சல் எழுந்தது. திரும்பிப் பார்த்தான். கறுத்த மேட்டின் முதுகுதான் தெரிந்தது.

வெளிச்சம் திரும்பும்போது அவன் மூச்சிரைக்க அடுப்படி வாசலில் நின்றான். அதேலா விளக்கைப் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலிய வெட்டிட்டேன், அதேலா. உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் ஓடி வந்தேன்."

"கிரகணமா? இங்கயும் வந்துச்சே. கோழியெல்லாம் அடைஞ்சிடுச்சு. எனக்குச் சட்டி தெரியல, விளக்கப் போட்டேன். அவ்வளவுதான் என் கிரகணம்."

"அடுத்த வருஷம் தெற்க கூட்டிட்டுப் போறேன்..."

சட்டியை நங்கென்று வைத்தாள். "என் முழங்கால ஒடச்சு நான் போட்ட பாதைல, என் ஊர் மேட்டுல பாக்க வேண்டியத, நாட்டோட அந்தக் கோடிக்குப் போய்ப் பாக்கணுமா? கேட்டுக்கோ. எல்லாருக்கும் சொந்தமானத விக்கிறவன் அடுத்தவன் பங்க மட்டும் விக்கிறதில்ல. தன் பங்கயும், தன் பொண்டாட்டி பங்கயும் சேத்துத்தான் வித்துட்டு வரான். நாளைக்கு மணிய நீயே அடி. ஊரக் கூட்டி இத உன் வாயால சொல்லு. அப்புறமா வீட்டுக்குள்ள வா."